உயிர்ப்புத் திங்கள் நற்செய்தியில் வரும் காவலர்கள்: நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள்?

நைட்ஷிப்ட் காவலர் எழுதியது:

சேசுவுக்கே புகழ்!

கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இங்கே ஒரு கொண்டோவில் (தனியார் அடுக்குமாடி வளாகம்) ராத்திரி செக்யூரிட்டி. மாலை ஏழிலிருந்து காலை ஏழு வரை. வயது அறுபதைத் தாண்டியாகிவிட்டது. பெரிய வெள்ளிக்கு ஊருக்கே லீவு, ஆனால் உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள் சிங்கப்பூரில் சாதாரண வேலை நாள். ஓப்பிர் ரோடு லூர்து அன்னை ஆலயத்தில் தமிழ்ப் பூசை பார்த்து, மகன் வீட்டில் ஆட்டுக்கறி சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு அன்று சாயங்காலமே டூட்டிக்குப் போய்விட்டேன். எங்களுக்கெல்லாம் பெருவிழா அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடும்.

விடியற்காலை மூன்று மணிச் சுற்று முடிந்ததும் காவல் கூண்டில் உட்கார்ந்து அன்றைய வாசகத்தைப் போனில் படிப்பது என் பழக்கம். அப்போது டெலிவரிப் பையன்கள் வரமாட்டார்கள், பேரியர் கதவும் சும்மா இருக்கும். பாஸ்கா எண்கிழமைத் திங்களன்று, அதாவது உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள், வருவது மத்தேயு 28:8–15. பெண்கள் அச்சமும் மகிழ்ச்சியுமாகக் கல்லறையிலிருந்து ஓடுகிறார்கள், வழியில் ஆண்டவரே எதிர்ப்படுகிறார். அதுவரைக்கும் எல்லோருக்கும் தெரியும். அதற்கு அப்புறம் ஐந்து வசனம் இருக்கிறது. காவலர்களில் சிலர் நகருக்குள் போய்த் தலைமைக் குருக்களிடம் நடந்ததையெல்லாம் சொல்கிறார்கள். குருக்களும் மூப்பர்களும் கூடிப் பேசிவிட்டு ஒரு பெரிய தொகையைக் கையில் கொடுத்து, “நாங்கள் தூங்கும்போது சீடர்கள் வந்து உடலைத் திருடிப் போய்விட்டார்கள் என்று சொல்லுங்கள், ஆளுநர் காதுக்குப் போனால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்கிறார்கள். இவர்களும் வாங்கிக்கொண்டு அப்படியே சொல்லிவிடுகிறார்கள்.

இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு அந்த இடம் வேறு மாதிரி கேட்கும். “டூட்டியில் தூங்கிவிட்டேன்” என்று ஒரு காவல்காரன் தன் வாயால் சொல்வதற்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் தெரியுமா? எங்களிடம் திட்டு வாங்கச் சொல்லுங்கள், வாங்குவோம். வெயிலில் நிற்கச் சொல்லுங்கள், நிற்போம். தூங்கினேன் என்று எழுதிக் கொடுத்தால் அதோடு முடிந்தது. அந்தக் காலத்தில் வேலை மட்டும் போகாது, தலையும் சேர்ந்து போகும். அதனால்தான் ஆளுநரைப் பார்த்துக்கொள்கிறோம் என்ற உத்தரவாதமும் சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. பொய்யும் ஓட்டைப் பொய். தூங்கிக்கொண்டிருந்தவனுக்குத் திருடியது யார் என்று எப்படித் தெரியும்? எந்தச் சூப்பர்வைசரும் முதலில் இதைத்தான் கேட்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் இடத்தில் குப்பை அறைக்குப் போகும் பாதையில் ஒரு விளக்கு எரியவில்லை. சுற்றுக்குப் போகும்போதெல்லாம் பார்த்து, லாக் புக்கில் தேதி, நேரத்தோடு எழுதி வைத்திருக்கிறேன். அந்த இருட்டில் துப்புரவு வேலை செய்யும் ஆன்ட்டி ஒருவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்துவிட்டது. அதற்கு இரண்டொரு நாளில் மேலிடத்திலிருந்து ஒருவர் புது லாக் புக் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அதே அளவு, அதே தடித்த அட்டை. “பழையது மழையில் நனைஞ்சு போச்சு அங்கிள், நல்ல கையெழுத்தா இதில திருப்பி எழுதிடுங்க. அந்த லைட் விஷயம் மட்டும் வேண்டாம்” என்றார். பழைய புத்தகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதில்லை. கிளம்பும்போது, என் வீட்டுக்குப் பக்கத்து ஸ்கூலில் பகல் டூட்டி ஒன்று காலியாவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். காசு என்ற பேச்சே வரவில்லை. வரவும் வேண்டியதில்லை. ராத்திரி டூட்டி பார்த்துப் பார்த்து ஓய்ந்தவனுக்குப் பகல் டூட்டி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும்.

எழுதலாமா கூடாதா என்று நான் உங்களைக் கேட்கவில்லை. அது எனக்குத் தெரியும். லாக் புக்கில் ஓர் எழுத்துத் தப்பினால்கூட வெள்ளை மை பூசக் கூடாது. ஒரு கோடு அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள். என் கேள்வி அந்தக் காவலர்களைப் பற்றியது. அவர்களைக் கெட்டவர்கள் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. மத்தேயு எழுதியிருப்பதைக் கவனியுங்கள்: முதலில் நடந்ததையெல்லாம் நடந்தபடி சொல்கிறார்கள். அந்த முதல் ரிப்போர்ட்டில் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது ரிப்போர்ட்தான் விலைக்குப் போனது. பூமி அதிர்ந்ததைப் பார்த்தவர்கள், தூதரைப் பார்த்துச் செத்தவர்கள்போல் ஆனவர்கள், ஒரு பகல் பொழுதுக்குள் எப்படி மாறினார்கள்? அவர்களுக்கு அப்புறம் ஒரு வழி இருந்ததா? கோவிலில் இதைப் பற்றி ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மணப்பாட்டான் எழுதியது:

மரியே வாழ்க, அங்கிள். நான் கப்பல் பட்டறையில் வெல்டர், டார்மிட்டரியில்தான் இருக்கிறேன். வேதம் கரைத்துக் குடித்தவன் இல்லை. கடற்கரையில் பிறந்தவன், அதனால் எனக்கு வேதத்தில் பேதுருதான் நெருக்கம்.

அந்தக் காவலர்களாவது காசு வாங்கிக்கொண்டு பொய் சொன்னார்கள். பேதுரு பைசா வாங்காமல் சொன்னார்! அதுவும் மூன்று தடவை. எதிரே வாளோடு யாரும் நிற்கவில்லை, முதலில் கேட்டது ஒரு வேலைக்காரப் பெண். கணக்குப் பார்த்தால் யார் பெரிய பொய்யர் என்று நீங்களே சொல்லுங்கள்.

அதே வாரத்து வெள்ளிக்கிழமை என்ன வாசகம் என்று பாருங்கள். யோவான் 21, திபேரியக் கடல். ராத்திரி முழுக்க வலை போட்டும் ஒன்றும் இல்லை. விடியும்போது கரையில் ஆண்டவர் கரி மூட்டி மீன் சுட்டுக்கொண்டிருக்கிறார். பேதுரு மறுதலித்ததும் ஒரு கரி நெருப்புப் பக்கத்தில்தான், குளிர்காய்ந்துகொண்டு. எங்கள் ஊரில் வெறும் வள்ளத்தோடு கரையேறும் ஆள்களிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். “கஞ்சி குடிச்சிட்டுப் போ” என்பார்கள், அவ்வளவுதான். ஆண்டவரும் அப்படித்தான் செய்கிறார். “ஏன் அப்படிச் சொன்னாய்” என்று கேட்கவே இல்லை. முதலில் சாப்பாடு. மற்றப் பேச்சு எல்லாம் அப்புறம்.

அதனால் காவலர்களுக்கும் வழி இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஒரே வித்தியாசம், பேதுருவுக்குச் சேவல் கூவியது, அவர் வெளியே போய் அழுதார். இவர்களுக்கு ஆளுநரைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. அழ வேண்டிய அவசியமே வரவில்லை.

பட்டறையிலும் இதெல்லாம் உண்டு அங்கிள். ஆபத்து நூலிழையில் தப்பினால் எழுதிக் கொடு என்று சுவர் முழுக்கப் போஸ்டர் ஒட்டுவார்கள். எழுதிக் கொடுத்தவனை மறுநாள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். உங்கள் மனசு எனக்குப் புரிகிறது.

---

வாசக மேடை எழுதியது:

அன்பருக்கு வணக்கம். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் நான். பல ஆண்டுகளாகப் பூசையில் வாசகம் வாசித்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சிலவற்றைச் சொல்கிறேன்.

பிரசங்கம் கேட்டதில்லை என்றீர்கள். காரணம் எளிது. முதல் ஆண்டு வாசகச் சுழற்சியில் குருத்து ஞாயிறன்று மத்தேயுவின் பாடுகள் முழுவதையும் வாசிக்கிறோம். அது முடிவதே தலைமைக் குருக்களும் பரிசேயரும் கல்லறைக் கல்லுக்கு முத்திரையிட்டுக் காவல் வைப்பதோடுதான் (27:66). அதே ஆண்டு பாஸ்கா திருவிழிப்பில் (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவுப் பூசை) அந்தக் காவலர்கள் நடுங்கி விழுவதும் வருகிறது. ஆனால் அவர்கள் பணம் வாங்கும் பகுதி எந்த ஞாயிற்றுக்கும் வைக்கப்படவில்லை. திங்கட்கிழமைப் பூசைக்கு வருகிறவர்கள் காதில் மட்டுமே விழும். ஞாயிறு மட்டும் வருகிறவருக்கு, விழுந்த காவலர்கள் எழுந்தார்களா என்றே தெரியாது! மற்ற மூன்று நற்செய்தியாளர்களும் இந்தக் காவலைக் குறிப்பிடுவதில்லை. மத்தேயு ஒருவர்தான் சொல்கிறார்.

அந்தப் பகுதியின் கடைசி வசனத்தை (இந்தப் பேச்சு யூதரிடையே இன்றுவரை பரவியிருக்கிறது என்பது) வைத்து யூத மக்கள் எல்லோரையும் பழித்தவர்கள் வரலாற்றில் உண்டு. அது தப்பு. பெண்களும் யூதர்கள், பேதுருவும் யூதர். இது பதவியில் இருந்த சிலர் தங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த வேலை. எந்த ஊர் நிர்வாகத்துக்கும் பொருந்தும்.

இனி உங்கள் கேள்வி. கல்லறைக் காவலர்களுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று வேதம் சொல்லவில்லை. ஆனால் இதே உயிர்ப்புக் காலத்தில் இன்னொரு காவலர் வருகிறார். ஐம்பது நாளும் முதல் வாசகம் திருத்தூதர் பணிகளிலிருந்து வரும் அல்லவா? ஆறாம் வாரச் செவ்வாயன்று பாருங்கள், 16:22–34. பிலிப்பி நகரச் சிறை. பவுலையும் சீலாவையும் அடித்து உள்ளே போட்டு, கால்களைத் தொழுமரத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள். நள்ளிரவில் நில நடுக்கம். கதவுகள் திறந்துகொள்கின்றன. இங்கே சிறைக் காவலர் உண்மையாகவே தூங்கிவிட்டார்! விழித்துப் பார்க்கிறார், கதவெல்லாம் திறந்து கிடக்கிறது. கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று நினைத்து வாளை உருவித் தன்னையே மாய்த்துக்கொள்ளப் போகிறார். அவர் பயந்ததில் நியாயம் உண்டு. நான்கு அதிகாரம் முன்னால், பேதுரு சிறையிலிருந்து தப்பியபோது ஏரோது அந்தக் காவலர்களைக் கொல்லச் சொல்லிவிட்டான் (12:19).

பவுல் உள்ளேயிருந்து கத்துகிறார்: “உமக்கு ஒரு தீங்கும் செய்துகொள்ளாதீர், நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம்.” அதன் பிறகு நடப்பதைப் பாருங்கள். அதே இரவில் அந்தக் காவலர் அவர்களைக் கூட்டிப்போய்க் காயங்களைக் கழுவுகிறார், வீட்டோடு திருமுழுக்குப் பெறுகிறார், உணவு பரிமாறுகிறார்.

இரண்டு நில நடுக்கம், இரண்டு காவல். எருசலேமில் விழித்திருந்தவர்கள் தூங்கியதாகச் சொன்னார்கள். பிலிப்பியில் தூங்கியவர் விழித்துக்கொண்டார். எருசலேம்காரர்களுக்கு வழியே இல்லை என்று நான் நினைக்கவில்லை. தங்களைக் காப்பாற்றுவதாகச் சொன்ன ஆள்கள் கொஞ்சம் தவறான ஆள்கள், அதுதான் வித்தியாசம்.

---

நைட்ஷிப்ட் காவலர் எழுதியது:

ஐயா, ரொம்ப நன்றி. பிலிப்பிக் கதையைப் பலமுறை படித்திருக்கிறேன். அவரையும் ஒரு காவல்காரராகப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. சிறை அதிகாரி என்றதும் பெரிய மனிதர் என்று விட்டுவிட்டேன்.

நேற்று ராத்திரி மறுபடி எடுத்துப் படித்தேன். 29ஆம் வசனத்தில் அவர் முதலில் என்ன கேட்கிறார் தெரியுமா? விளக்கு. விளக்கைக் கொண்டுவரச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே பாய்கிறார். குப்பை அறைப் பக்கம் போனபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே இன்னும் பல்பு மாற்றவில்லை.

மணப்பாட்டான் தம்பி சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. பேதுரு பயத்தில் சொன்னார். இவர்கள் உட்கார்ந்து பேசி முடித்துத் தொகை வாங்கிக்கொண்டு சொன்னார்கள். இரண்டும் ஒன்றல்ல. பயத்தில் வருவது சட்டென்று வந்துவிடும். என்னிடம் அந்தப் புதுப் புத்தகம் ராத்திரி முழுக்க மேசையில் கிடக்கிறது, யோசிக்க நிறைய நேரம் கொடுத்திருக்கிறார்கள். அப்படி நேரம் கொடுத்துக் கேட்பதுதான் மோசம் என்று எனக்குப் படுகிறது.

---

ஈசூன் சிஸ்டர் எழுதியது:

ஸ்தோத்திரம் அங்கிள். நான் தமிழ் மெதடிஸ்ட் சபை. உங்களைப் போல ஒவ்வொரு நாளுக்கும் இன்ன வாசகம் என்று நாங்கள் வைத்துப் படிப்பதில்லை, அதனால் கிழமைக் கணக்கு எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

எல்லோரும் காவலரைப் பற்றியே பேசுகிறீர்கள். விழுந்த ஆன்ட்டி எப்படி இருக்கிறார் என்று ஒருத்தரும் கேட்கவில்லையே? வாசக மேடை ஐயா எழுதியதிலேயே இருக்கிறது: அந்தச் சிறைக்காரன் ஞானஸ்நானம் வாங்குவதற்கு முன்னாலேயே காயத்தைக் கழுவினான். அடிபட்ட முதுகை ராத்திரியில் கழுவுவது லேசான காரியம் இல்லை. இரத்தம் உறைந்து துணியோடு ஒட்டியிருக்கும். தண்ணீர் விட்டு ஊறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும். பிரம்பால் அடிக்கும்போது தலையாட்டிய ஊர் அது. அந்த ஊர்க்காரன் ஒருவனே உட்கார்ந்து கழுவியிருக்கிறான்.

ஆன்ட்டிக்கு உதவுகிற விஷயம் சொல்கிறேன். வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வேலை நேரத்தில் வேலையினால் அடிபட்டால், தப்பு யார்மீது என்று நிரூபிக்காமலேயே மருத்துவச் செலவு, மருத்துவ விடுப்புச் சம்பளம் எல்லாம் கேட்கலாம். விபத்து நடந்து ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். அவருடைய முதலாளி யார், கொண்டோவா குத்தகை நிறுவனமா என்று பாருங்கள். பெரும்பாலும் குத்தகை நிறுவனமாகத்தான் இருக்கும். அவர்கள்தான் மனிதவள அமைச்சுக்கு விபத்தைத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தார்களா என்று ஆன்ட்டியைக் கேட்கச் சொல்லுங்கள். தெரிவிக்காவிட்டால் அவரே அமைச்சிடம் போகலாம்.

ஆக, விளக்கு எரிந்ததா இல்லையா என்பதைப் பொறுத்ததல்ல அவருக்கு இந்த இழப்பீடு. அப்படியானால் அந்த வரியை எடுக்கச் சொல்வது யாருக்காக என்று யோசியுங்கள். உங்களிடம் போலீஸ் கொடுத்த உரிமம் இருக்கிறது. பிரச்சினை வெளியே வந்தால், திருப்பி எழுதியது உங்கள் கையெழுத்து, அவருடையது அல்ல. பாதுகாப்பு ஊழியர் சங்கத்தில் உறுப்பினரா நீங்கள்? இல்லாவிட்டாலும் போய்க் கேளுங்கள்.

---

மணப்பாட்டான் எழுதியது:

சிஸ்டர் சொன்னது நூற்றுக்கு நூறு. அங்கிள், அந்தப் பக்கங்களைப் போனில் படம் எடுத்து வைத்துவிட்டீர்களா? முதலில் அதைச் செய்யுங்கள். பழைய புத்தகம் நிஜமாகவே நனைந்துவிடப் போகிறது.

---

நைட்ஷிப்ட் காவலர் எழுதியது:

சிஸ்டர், கேட்டதற்கு நன்றி. எனக்குக் கொஞ்சம் உறைத்தது. ஆன்ட்டி வீட்டில்தான் இருக்கிறார், கையில் மாவுக்கட்டு. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. இருவருக்கும் கடைத்தெரு மலாய் வரும். நீங்கள் சொன்னதைப் பகல் ஷிப்ட் சீனப் பையனிடம் சொல்லி, அவன் மூலமாகப் போனில் விளக்கச் சொன்னேன். கம்பெனி கிளினிக் பில்லைக் கட்டிவிட்டதாம். அமைச்சுக்குத் தெரிவித்தார்களா என்பது அவருக்கே தெரியவில்லை, அவருடைய மகள் விசாரிக்கப் போகிறாள்.

தம்பி, படம் எடுக்கவில்லை. லாக் புக் அந்த இடத்துச் சொத்து, அதில் வீட்டுக்காரர்கள் பெயர், யூனிட் நம்பர் எல்லாம் இருக்கிறது. அதைப் போனில் வைத்துக்கொண்டு சுற்றினால் அதையே என்மேல் திருப்புவார்கள். வேறொன்று செய்தேன். நேற்று அந்த ஆள் போன் பண்ணி, முடிந்துவிட்டதா என்று கேட்டார். முடியாது சார் என்று சொன்னேன். யோசித்துச் சொல்லுங்கள் அங்கிள், ஸ்கூல் டூட்டிக்கு இன்னொருத்தரும் கேட்கிறார் என்றார். அவருக்கே கொடுத்துவிடுங்கள் என்றேன். போனை வைத்ததும் பழைய புத்தகத்தை எடுத்து, வழக்கமாக எழுதும் அதே முறையில் எழுதினேன்: நேரம், அழைத்தவர் பெயர், லாக் புக்கைத் திருப்பி எழுதச் சொன்னார், மறுத்துவிட்டேன், கையெழுத்து. அதற்கு அடுத்த வரி: குப்பை அறைப் பாதை விளக்கு இன்னும் எரியவில்லை.

காலையில் ஷிப்ட் மாற்ற வந்த பையன் அந்தப் பக்கத்தைப் படித்தான். என்னை ஒரு தரம் பார்த்தான். அப்புறம் கீழே தன் கையெழுத்தைப் போட்டான். அவன் போட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, நேரத்தை மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கலாம்.

சங்கத்துக்கு அடுத்த ஓய்வு நாளில் போகிறேன். வாசக மேடை ஐயா, ஆறாம் வாரச் செவ்வாய் உங்கள் கோவிலில் வாசகம் நீங்கள்தான் வாசிப்பதாக இருந்தால் எத்தனை மணிப் பூசை என்று சொல்லுங்கள். டூட்டி முடிந்து நேராக வந்துவிடுவேன், காலைப் பூசையாக இருந்தால்.